டிஸ்சார்ஜுக்குப் பிறகு வரும் ஒரு போன்

தற்கொலைக்கு முயன்று பிழைத்த ஒருவரை அரசு மருத்துவமனைக்குக் கொண்டுவந்தால், அதன் பிறகு நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அவசரப் பிரிவில் உயிரைப் பிடித்து நிறுத்துவார்கள். கேஸ் ஷீட்டில் ‘எம்.எல்.சி.’ என்று விழும், அதாவது போலீஸுக்குத் தெரிவிக்க வேண்டிய கேஸ். இரண்டு மூன்று நாளில் உடம்பு தேறியதும் மனநலப் பிரிவுக்கு ஒப்பீனியன் கேட்டுப் போகும். ஒரு மருத்துவர் வந்து பார்த்து, நாலு கேள்வி கேட்டு, மாத்திரை எழுதி, அடுத்த வாரம் ஓ.பி.க்கு வரச் சொல்வார். அப்புறம் டிஸ்சார்ஜ்.

அந்த நாலு கேள்விக்குள் மருத்துவர் தேடுகிற விடை ஒன்றுதான்: இவர் திரும்பவும் முயல்வாரா, மாட்டாரா? ஹை ரிஸ்க்கா, லோ ரிஸ்க்கா? உலகம் முழுக்க மனநல மருத்துவம் பல பத்தாண்டுகளாக இந்தக் கேள்வியைச் சுற்றித்தான் கட்டப்பட்டிருந்தது. அதற்காகவே கேள்வித்தாள்களும் மதிப்பெண் அட்டவணைகளும் வந்தன. கூட்டிப் பார், இத்தனைக்கு மேல் போனால் அட்மிஷன், கீழே இருந்தால் வீட்டுக்கு.

இந்தக் கணக்கு எடுபடவில்லை என்பது இப்போது ஆதாரத்தோடு தெரிந்துவிட்டது. ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017-ல் வெளியானது. யார் தற்கொலைக்கு முயல்வார்கள் என்று முன்கூட்டியே சொல்வதில் நம் திறமை, காசைச் சுண்டிப் போட்டுப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று அது சொன்னது. இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ், 2022 செப்டம்பரில் நேரடியாகவே எழுதிவிட்டது: தற்கொலையை முன்கணிக்க மதிப்பெண் அட்டவணைகளைப் பயன்படுத்தாதீர்கள், ஆட்களை ஹை, மீடியம், லோ என்று பிரித்து, யாருக்குச் சிகிச்சை என்பதை அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். 2025-ல் அந்நாட்டு அரசு மருத்துவ சேவையும் தன் மனநல ஊழியர்களுக்கு இதையே வலியுறுத்தி வழிகாட்டி வெளியிட்டது.

ஏன் எடுபடவில்லை? ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். முயன்று பிழைத்தவர்கள் 1,000 பேர். அடுத்த ஓராண்டில் அவர்களில் 10 பேர் இறந்துவிடுகிறார்கள். நம்மிடம் இருக்கும் அட்டவணை அபாரமானது. 10 பேரில் 8 பேரைச் சரியாகப் பிடித்துவிடும். மற்ற 990 பேரில் ஐந்தில் ஒரு பங்கினரை மட்டும் தவறாக ஹை ரிஸ்க் என்று சொல்லும். அப்படியானால் ஹை ரிஸ்க் பட்டியலில் 206 பேர் இருப்பார்கள், அதில் 8 பேருக்குத்தான் அது பொருந்தும். மீதி 2 பேர் லோ ரிஸ்க் என்ற முத்திரையோடு வீட்டுக்குப் போயிருப்பார்கள். கையில் இருக்கும் நிஜமான அட்டவணைகள் இவ்வளவு நன்றாகவும் வேலை செய்வதில்லை. மனநலச் சிகிச்சையில் இருந்தபோது தற்கொலை செய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் கடைசியாக மருத்துவரைப் பார்த்தபோது குறைந்த ஆபத்து என்றே குறிக்கப்பட்டிருந்தார்கள் என்பதை இங்கிலாந்தின் தேசிய விசாரணை அறிக்கைகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. தற்கொலை எண்ணம் ஒரே அளவில் நிற்பதில்லை. காலையில் தணிந்திருப்பது சாயங்காலம் ஒரு போன் வந்ததும் பொங்கிவிடும். வியாழக்கிழமை வார்டில் போட்ட மதிப்பெண் சனிக்கிழமை ராத்திரி வீட்டில் நடக்கப்போவதைச் சொல்லாது.

ஆனாலும் டிக் போடும் ஃபார்ம்கள் ஒழியவில்லை. காரணம் எளிது: நாளைக்கு ஏதாவது நடந்து விசாரணை என்று வந்தால், ஃபார்ம் பேசும். அது நோயாளியைக் காப்பாற்றுகிறதோ இல்லையோ, எழுதியவரைக் காப்பாற்றும். இதை மருத்துவர்களின் குறை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லை, 0.75 என்பதுதான் பல ஆண்டுகளாகச் சொல்லப்படும் கணக்கு. வரிசையில் அறுபது பேர் நிற்கும்போது நாலு கேள்விக்கு மேல் கேட்க யாருக்கு முடியும்?

இந்த முன்கணிப்புக்கு மாற்றாக வந்திருப்பதைத்தான் ஆளை மையமாக வைத்த அணுகுமுறை என்கிறார்கள். இவர் சாவாரா என்று ஊகிப்பதை விட்டுவிட்டு, இவருக்கு என்ன நடந்தது, எது இவரை இங்கே கொண்டுவந்தது, எது இவரைப் பிடித்து நிறுத்துகிறது, அடுத்த மோசமான ராத்திரியை இவர் எப்படித் தாண்டப்போகிறார் என்று அவரோடு உட்கார்ந்து கேட்பது. கேட்டதை அவரே ஏற்றுக்கொள்ளும் ஒரு திட்டமாக எழுதுவது. டிஸ்சார்ஜ் ஆன பிறகு தொடர்பை விடாமல் இருப்பது. மூன்றாவது விஷயத்தில்தான் சென்னைக்கு ஒரு தனி இடம் உண்டு. அதற்கு வருகிறேன்.

முதலில், கேட்பது. தற்கொலை பற்றி நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகிவிடுமோ என்ற பயம் வீடுகளில் மட்டுமல்ல, மருத்துவமனைகளிலும் உண்டு. ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. கேட்பதால் எண்ணம் கூடுவதில்லை. சிலருக்கு மனம் லேசாகிறது. ஆனால் நாம் கேட்கும் விதத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. “அப்படியெல்லாம் தப்பா ஒண்ணும் நினைக்கலதானே?” என்று கேட்கிறோம். கேள்வியிலேயே பதிலை வைத்துக் கொடுத்துவிடுகிறோம். எதிரே இருப்பவர் “இல்ல சார்” என்பார், இருவருக்கும் நிம்மதி. “செத்துடலாம்னு தோணுச்சாப்பா? இப்பவும் தோணுதா?” என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை வாயை மூடிக்கொண்டிருப்பது வேறு வேலை. பயிற்சி இல்லாமல் அது வராது.

யார் முன்னால் கேட்கிறோம் என்பதும் முக்கியம். நம் ஊர் வார்டில் நோயாளி தனியாக இருப்பதே கிடையாது. கட்டிலைச் சுற்றி அம்மா, மாமியார், புருஷன், பக்கத்து வீட்டு அக்கா. டாக்டர் நோயாளியைப் பார்த்துக் கேட்பார், பதில் அம்மாவிடமிருந்து வரும். “ஒண்ணுமில்ல சார், சும்மா வாய்ச்சண்டை, கோவத்துல பண்ணிட்டா.” அந்தப் பெண்ணின் வாய் திறக்கவே இல்லை என்பதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். மேலைநாட்டுப் பாடப்புத்தகம் தனிமனிதரை மட்டும் பார்க்கச் சொல்கிறது, நமக்குக் குடும்பம்தான் எல்லாம், ஆகவே இது இங்கே ஒத்துவராது என்று சிலர் வாதிடுவதுண்டு. எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. குடும்பம் இவ்வளவு பெரிய விஷயம் என்பதால்தான் முதல் பத்து நிமிடம் தனியாகப் பேச வேண்டும். அதன் பிறகு, “யாரைக் கூப்பிட்டு இதைச் சொல்லலாம்?” என்று அவரிடமே கேட்க வேண்டும். சிலர் அம்மா என்பார்கள். சிலர், “அம்மாவைத் தவிர யாரா இருந்தாலும் சரி” என்பார்கள்.

திட்டம் என்று சொன்னேனே, அதை அமெரிக்காவில் பார்பரா ஸ்டான்லி, கிரிகரி பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வடிவமைத்தார்கள். பாதுகாப்புத் திட்டம் என்று சொல்லலாம். இதைச் சத்தியம் வாங்குவதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நம் வீடுகளில் நடக்கும் முதல் வைத்தியம் அதுதானே: “இனிமே இப்படிப் பண்ண மாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு”, “புள்ள மேல சத்தியம் பண்ணு.” மேலைநாட்டு மனநலப் பிரிவுகளிலும் இதே சத்தியத்தைக் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தமாக ஒரு காலத்தில் வாங்கிக்கொண்டிருந்தார்கள். அது உயிரைக் காப்பாற்றுகிறது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. சத்தியம் செய்தவருக்கு மறுபடி எண்ணம் வந்தால், குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். வெளியே சொல்ல வாய் வராது. சத்தியம் எதைச் செய்யக் கூடாது என்கிறது. திட்டம் எதைச் செய்யலாம் என்கிறது.

எப்படி இருக்கும் என்று பார்க்க, காசிமேட்டில் விசைப்படகில் கூலிக்குப் போகும் ஒரு முப்பத்தைந்து வயதுக்காரரைக் கற்பனை செய்துகொள்வோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகு போகாது. கையில் இருந்தது மே மாதத்திலேயே தீர்ந்தது. தண்டலுக்கு வாங்கியாயிற்று, அதை அடைக்க மீட்டர் வட்டிக்கு வாங்கியாயிற்று. குடியும் இருக்கிறது. மருத்துவமனையில் ஒரு ஆலோசகர் அவரோடு உட்கார்ந்து, அவர் சொல்வதை அவர் வார்த்தையிலேயே எழுதுகிறார்.

முதலில், மனம் கெடத் தொடங்குவதன் அறிகுறி. ‘கவலை, மனச்சோர்வு’ என்று எழுதுவதில் பிரயோஜனம் இல்லை. அவர் சொல்வது: “தண்டல்காரர் போன் வந்தா எடுக்காம சுவிட்ச் ஆஃப் பண்ணிடுவேன். சோறு வேணாம்பேன். பசங்க மூஞ்சைப் பார்க்க மாட்டேன்.” அடுத்தது, யார் உதவியும் இல்லாமல் அந்த நேரத்தைத் தள்ள எது உதவும்? “கிழிஞ்ச வலையை எடுத்து உட்கார்ந்தா கொஞ்ச நேரம் போகும்.” அதுவும் போதாவிட்டால், ஆள் நடமாட்டம் உள்ள இடம் எது? “கேரம் கிளப்பு. அங்க யாரும் கடனைப் பத்திப் பேச மாட்டாங்க.” யாரிடம் விஷயத்தைச் சொல்லி உதவி கேட்பார்? இதில் அவர் கொஞ்சம் யோசிக்கிறார். “பொண்டாட்டிகிட்ட சொன்னா அழும். சின்னம்மா பையன்கிட்ட சொல்லலாம்.” சரி, அவர் பெயரும் நம்பரும் எழுதப்படுகிறது, முடிந்தால் அங்கேயே போன் போட்டு, இப்படி ஒரு நேரத்தில் அழைப்பு வரலாம் என்று சொல்லிவைக்கப்படுகிறது. பிறகு மருத்துவமனை, உதவி எண்கள். கடைசியாக, வீட்டில் ஆபத்தானது எது, அதை யாரிடம் கொடுத்து வைப்பது? தற்கொலை உந்துதலின் உச்சம் பலருக்கும் நீண்ட நேரம் நீடிப்பதில்லை. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும். குடியைப் பற்றி அவரே பேச்செடுக்கிறார்: “குடிச்சிருந்தாத்தான் அந்த நினைப்பு வருது.” நிறுத்து என்று யாரும் அறிவுரை சொல்லவில்லை. குடித்த ராத்திரி தனியாகப் படுப்பதில்லை, அண்ணன் வீட்டில் படுப்பது என்று அவரே ஒரு வழி சொல்கிறார். அது எழுதப்படுகிறது. குடிக்கான சிகிச்சையை அடுத்த சந்திப்பில் பேசிக்கொள்ளலாம்.

ஒரு பக்கத் தாள்தான். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம், போனில் படம் எடுத்தும் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றியவர்களுக்கான மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுகளில் இந்தத் திட்டத்தையும், டிஸ்சார்ஜுக்குப் பின் குறைந்தது இரண்டு தொலைபேசி அழைப்புகளையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு ஒப்பிட்டால், அடுத்த ஆறு மாதத்தில் தற்கொலை சார்ந்த செயல்கள் ஏறக்குறைய 45 சதவீதம் குறைவாக இருந்தன. 2018-ல் வெளியான ஆய்வு இது. குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்துச் செய்ததல்ல என்பதால் முழு நிரூபணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் சின்ன விஷயமல்ல.

திட்டத்தில் இல்லாத ஒன்று அவருடைய கடன். அதை மாத்திரை தீர்க்காது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்கில் இந்தியாவில் 1,70,924 தற்கொலைகள். தமிழ்நாட்டில் 19,834, மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடி. இறந்தவர்களில் 26.4 சதவீதம் பேர் தினக்கூலிகள். காரணம் என்ற கட்டத்தில் குடும்பப் பிரச்சினை 31.7 சதவீதம், நோய் 18.4 சதவீதம் என்று இருக்கிறது. இந்தக் காரணக் கட்டத்தை நான் அவ்வளவாக நம்புவதில்லை. காவல் நிலையத்தில் ஒரே ஒரு காரணத்தை எழுதவேண்டிய கட்டம் அது. கடன், குடி, மனைவியோடு சண்டை, தூக்கமின்மை எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வரும்போது ‘குடும்பப் பிரச்சினை’ என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

வடசென்னையில் இது இன்னும் கனமாக விழுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரத்தில் கலந்தபோது, வலையும் படகும் பாழாகி நின்றவர்களின் மன உளைச்சலுக்கு நோய்ப்பெயர் தேடுவது ஒருவகையில் அபத்தம். ஆகவே மருத்துவ சமூகப் பணியாளர் என்ற ஆள் மனநலக் குழுவில் அலங்காரத்துக்கு அல்ல. நிவாரணத்துக்கு யாரிடம் மனு கொடுப்பது, வட்டிக்காரர் மிரட்டினால் எங்கே புகார் செய்வது என்று சொல்லித் தருவதும் தற்கொலைத் தடுப்புதான். அதேநேரம், எல்லாம் வறுமையால் என்று சொல்லி நோயை மறைப்பதும் ஆபத்து. தீவிர மனச்சோர்வு, மனச்சிதைவு, இருதுருவக் கோளாறு இருப்பவருக்கு மருந்து வேண்டும். சிலருக்கு அட்மிஷனும் வேண்டும். ஆளைப் பார்ப்பது என்றால் வைத்தியத்தைக் கைவிடுவது என்று அர்த்தமில்லை.

இப்போது சென்னையின் பங்குக்கு வருகிறேன். உலக சுகாதார நிறுவனம் ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தியது: பிரேசிலின் கம்பினாஸ், இலங்கையின் கொழும்பு, ஈரானின் கராஜ், சீனாவின் யூன்செங், அப்புறம் சென்னை. சென்னையில் பொறுப்பேற்று நடத்தியவர் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார். 1986-ல் ‘சினேகா’ தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கியவர். முயன்று பிழைத்து அவசரப் பிரிவுக்கு வந்த 1,867 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்கு அதோடு சேர்த்து, டிஸ்சார்ஜ் சமயத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச்சு. பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ தொடர்பு. 1, 2, 4, 7, 11-வது வாரங்களில், அப்புறம் 4, 6, 12, 18-வது மாதங்களில். எப்படி இருக்கிறீர்கள், ஏதாவது உதவி வேண்டுமா, இவ்வளவுதான் விசாரிப்பு.

2008-ல் முடிவு வந்தது. வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 18 மாதத்துக்குள் தற்கொலையால் இறந்தவர்கள் 2.2 சதவீதம். ஒன்பது அழைப்பு பெற்றவர்களில் 0.2 சதவீதம். மறுமுயற்சிகளின் எண்ணிக்கையில் இரு தரப்புக்கும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும், இறப்பில்தான் வித்தியாசம். ஏன் அப்படி என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு. எனக்குப் படுவது, முயன்றாலும் முன்னமே ஒருவரிடம் சொல்கிறார்கள், சீக்கிரம் உதவி தேடுகிறார்கள் என்பது. மனநலப் பிரிவிலிருந்து டிஸ்சார்ஜ் ஆனபின் வரும் முதல் மூன்று மாதங்கள்தான் மிக ஆபத்தானவை என்று வேறு பல ஆய்வுகளும் சொல்கின்றன. அந்த ஒன்பதில் ஐந்து அழைப்புகள் சரியாக அந்தக் காலத்துக்குள்தான் விழுகின்றன.

ஆக, ஆளைப் பார்க்கும் அணுகுமுறை லண்டனில் கண்டுபிடித்து இங்கே இறக்குமதி ஆகவேண்டியதல்ல. அதன் முக்கியமான ஆதாரம் ஒன்று நம் ஊரில் உருவானது. வழக்கமாகாததுதான் பிரச்சினை.

வழக்கமாக்க நினைத்தால் முதலில் இடறுவது போன் நம்பர். ஓ.பி. சீட்டில் இருப்பது பெரும்பாலும் புருஷன் நம்பர். பிரச்சினையே அவர்தான் என்றால், மருத்துவமனையிலிருந்து வரும் அழைப்பு அந்த வீட்டில் இன்னொரு சண்டையைக் கிளப்பும். “எந்த நம்பருக்கு, எந்த நேரத்துல போட்டா நீ தனியா பேச முடியும்மா?” என்று கேட்காமல் டிஸ்சார்ஜ் செய்யக் கூடாது. மீன் விற்கும் பெண்ணுக்குக் காலையில் போட்டால் எடுக்க மாட்டார், ஏலத்தில் இருப்பார். பிற்பகல் மூன்று மணி சரியாக இருக்கலாம். சிம் மாறிவிடும் என்பதால் இரண்டாவது நம்பர் ஒன்று வேண்டும், அதுவும் அவர் நம்புகிறவரின் நம்பர்.

இரண்டாவது, போலீஸ் பயம். ‘கேஸ் ஆகிடும்’ என்று தவறுதலாக நடந்ததாகச் சொல்லிவிடுவார்கள், அல்லது பக்கத்து கிளினிக்கிலேயே முடித்துக்கொள்ளப் பார்ப்பார்கள். எம்.எல்.சி. பதிவு இன்றும் உண்டு. ஆனால் சட்டம் மாறிவிட்டது. 2018 மே 29 முதல் நடைமுறையில் இருக்கும் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115-வது பிரிவு, வேறுவிதமாக நிரூபிக்கப்படாத வரை முயன்றவர் கடும் மன உளைச்சலில் இருந்ததாகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது; அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சம்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309-வது பிரிவு இல்லை. அரசு ஊழியரை அவர் கடமையைச் செய்யக் கட்டாயப்படுத்தவோ செய்யவிடாமல் தடுக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் 226-வது பிரிவில் குற்றமாக நிற்கிறது. இதை வார்டிலேயே யாராவது ஒருவர் குடும்பத்துக்கு எடுத்துச் சொன்னால் பாதி பொய் குறையும்.

மூன்றாவது, கீழ்ப்பாக்கம். 1794-ல் தொடங்கிய பாரம்பரியம் உள்ள மனநல மருத்துவமனையின் ஊர்ப்பெயரைச் சென்னை வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறது. “கீழ்ப்பாக்கத்துல போய்க் காட்டு” என்று கேலி பேசும் ஊரில், மறுவாரம் அங்கே வரச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? வடசென்னைக்காரருக்கு அங்குள்ள அரசுப் பொது மருத்துவமனையான ‘ஸ்டான்லி’யின் பெயரைச் சொல்வதில் அந்தக் கூச்சம் இல்லை. 1780-களின் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய சத்திரத்திலிருந்து வளர்ந்து, கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே பழைய ஆட்கள் சொல்லும் இடம் அது. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் போகிற இடம். பொது மருத்துவமனைக்குள் மனநலப் பிரிவு இருப்பதன் லாபம் இதுதான். தெருக்கோடியில் உள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் தொடர் கவனிப்பு கிடைத்தால் இன்னும் நல்லது.

இதைப் படிக்கும் யாருக்காவது அந்த எண்ணம் இப்போது இருந்தால், 14416 என்ற எண்ணில் மத்திய அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 24 மணி நேரமும் தமிழில் பேசும்; கட்டணம் இல்லை. மாநில அரசின் 104, சினேகாவின் 044-24640050 எண்களும் உண்டு. முதல் அழைப்பு கிடைக்காவிட்டால் அடுத்த எண்ணைப் போடுங்கள். இன்னொருவருக்காக நீங்கள் போன் செய்தும் ஆலோசனை கேட்கலாம்.

உதவி எண்ணில், முடியாதவர்தான் நம்மைக் கூப்பிட வேண்டும். அந்த ஒன்பது அழைப்பில் நாம் அவரைக் கூப்பிடுகிறோம். அதற்கு ஆகும் நேரத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மணி நேரப் பேச்சு, அழைப்புக்குப் பத்து நிமிடம் என்று வைத்தால் ஒன்பதுக்கு ஒன்றரை மணி நேரம். 18 மாதத்துக்கு மொத்தம் இரண்டரை மணி நேரம். இதற்கு மனநல மருத்துவரே வேண்டும் என்பதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரோ உளவியலாளரோ போதும், அந்த ஆய்வு நடந்ததும் அப்படித்தான். வேண்டியது ஒரு ரெஜிஸ்டர், மருத்துவமனைப் பெயரில் ஒரு போன், டூட்டி பட்டியலில் அதற்கென்று ஒதுக்கிய ஒரு ஆள். ஷிஃப்ட் மாறினாலும் வேலை மாறாதபடி அந்தப் பெயர் பட்டியலில் இருந்தாக வேண்டும். இப்போதைக்குப் பல இடங்களில் அது யாருடைய வேலையும் இல்லை.